பெண் குழந்தைக்கு ஆண் பெயரோ பொதுப் பெயரோ வைக்க: ஈறு முதல் பிறப்புச் சான்றிதழ் வரை ஒரு முழு வழிகாட்டி

மகளுக்குக் கதிர் என்றோ பாரி என்றோ பெயர் வைக்க நினைக்கிறீர்கள். வீட்டில் பாதிப்பேர் 'நன்றாக இருக்கிறதே' என்கிறார்கள், மீதிப்பேர் 'அது பையன் பெயராச்சே' என்கிறார்கள். இரு தரப்பும் பெரும்பாலும் பொருளைப் பிடித்துக்கொண்டுதான் சண்டை போடுகிறார்கள். சூரியன் ஆண், நிலா பெண், வீரம் ஆணுக்கு, அழகு பெண்ணுக்கு என்று. தமிழில் ஒரு பெயரை ஆணாக்குவதும் பெண்ணாக்குவதும் பெரும்பாலும் அதன் பொருள் அல்ல, அது எப்படி முடிகிறது என்பதுதான். அந்த ஈற்றை முதலில் பார்த்துவிட்டால் பட்டியலில் உள்ள பெயர்களில் பாதி தானாகவே கழிந்துவிடும். மிஞ்சியவற்றைத் தலைப்பெழுத்து, ஆங்கில எழுத்து, பதிவேடு என்று ஒவ்வொன்றாக உரசிப் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒரு பேச்சு மிச்சமிருக்கிறது.

ஏன் இந்தப் பெயர் என்று முதலில் பேசி முடியுங்கள்

ஆண் பெயரைப் பெண்ணுக்கு வைக்கப் பல காரணங்கள் இருக்கும். பெயரின் ஒலி பிடித்திருக்கலாம். தாத்தாவின் நினைவாக வைக்க விரும்பலாம். பெயரைக் கேட்டதும் பிறர் ஒரு பெட்டிக்குள் அடைத்துவிடக் கூடாது என்று எண்ணலாம். எல்லாமே நியாயமானவை. பையனை எதிர்பார்த்துத் தேர்ந்த பெயரை, பெண் பிறந்துவிட்டதால் அப்படியே ஒட்டிவிடுவது மட்டும் வேறு கதை. போதும்பொண்ணு என்ற பெயர் நம் ஊர்களில் எதற்காக வைக்கப்பட்டது என்பது எல்லாருக்கும் தெரியும், அந்தப் பெயரைச் சுமந்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அதே ஏக்கம் அழகான தமிழ்ப் பெயரின் உருவில் வந்தாலும், விவரம் தெரியும் வயதில் பிள்ளை கண்டுபிடித்துவிடும்.

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. 'எனக்கு ஏன் இந்தப் பெயர் வைத்தீர்கள்?' என்று பத்து வயதில் மகள் கேட்டால் சொல்லப்போகும் பதிலை இரண்டு வரியில் எழுதிப் பாருங்கள். அதில் 'பையன்' என்ற சொல் வந்தால் பெயரை மாற்றுங்கள். வரவில்லை என்றால் அந்தத் தாளை எடுத்து வையுங்கள், பின்னால் பயன்படும்.

எந்த வகை வேண்டும்?

'ஆண் பெயர்' என்று ஒட்டுமொத்தமாகச் சொன்னாலும் அதில் நான்கு படிகள் உண்டு. கணவனும் மனைவியும் வேறு வேறு படிகளை மனதில் வைத்துக்கொண்டு பேசினால் முடிவு வராது.

முதல் படியில் ஏற்கெனவே இருபாலாருக்கும் வழங்கும் பெயர்கள்: மதி, எழில், மணி, அன்பு, தமிழ், கவி, இசை, மகிழ், ஜீவா, துளசி, மது. இவற்றை வைத்தால் யாரும் புருவம் தூக்க மாட்டார்கள்.

இரண்டாம் படியில், வழக்கில் ஆண் பக்கம் சாய்ந்திருந்தாலும் இலக்கணத்தில் ஆண் விகுதி இல்லாதவை: கதிர், பாரி, பரிதி, புகழ், அறிவு, முகில், அருள், வெற்றி, கவின், செல்வம். தேடுபவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியது இந்தப் படிதான். பெயரில் மிடுக்கு இருக்கும், வாக்கியத்தில் முரண்டு பிடிக்காது.

மூன்றாவது, முழுக்க ஆண்பால் விகுதி பெற்றவை: வளவன், செழியன், மாறன், இனியன். இவற்றின் சிக்கல் தனி, கீழே வருகிறது.

நான்காவது, ஆண் பெயரை அடியாக வைத்துப் பெண் ஈறு சேர்ப்பது. இதைப் புதுமை என்று நினைத்தால் பாட்டிகளின் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். ராமாயி, முருகாயி, வேலாயி, சுப்பம்மாள், கந்தம்மாள் எல்லாம் ஆண் தெய்வப் பெயரோடு ஆயியும் அம்மாளும் சேர்ந்தவையே. சிவகங்கையை ஆண்ட வேலு நாச்சியாரின் பெயரில் பாதி வேலு. சோழ அரசி செம்பியன் மாதேவியின் பெயரில் முன்பாதி, சோழ மன்னர்களுக்கு வழங்கிய பெயர்.

ஈறுதான் பால் சொல்லும்

பள்ளியில் படித்த விகுதிப் பாடத்தைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அன், ஆன் என்பவை ஆண்பால். அள், ஆள், இ போன்றவை பெண்பால். ஆர் வந்தால் மரியாதை மட்டும்தான், பால் தெரியாது. சங்கப் புலவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று அறிஞர்களிடம் ஒத்த கணக்கு இல்லாததற்கு இந்த ஆர் ஈறும் ஒரு காரணம்.

முருகனையும் வளவனையும் பெண்ணுக்கு வைத்தால் இடறுவது இங்கேதான். தமிழ் வாக்கியத்தில் எழுவாயும் வினைமுற்றும் பாலில் ஒத்துப்போக வேண்டும். 'வளவன் வந்தாள்' என்று எழுதினால் படிப்பவர் பிழை என்று நினைப்பார். பள்ளி ஆண்டு மலரில் அச்சுப்பிழை திருத்துபவர் அதை 'வந்தான்' என்று மாற்றியே விடுவார். ஆங்கிலத்தில் ஜேம்ஸ் என்ற பெயரைப் பெண்ணுக்கு வைத்தால் கேட்பவருக்கு வழக்கம்தான் உறுத்தும். தமிழில் அன் ஈற்றுப் பெயரை வைத்தால் வழக்கத்தோடு இலக்கணமும் சேர்ந்து உறுத்தும். கூடாது என்பதில்லை. ஒவ்வொரு வாக்கியத்திலும் அந்தப் பெயர் தன்னை விளக்க வேண்டியிருக்கும், அதற்குத் தயாரா என்பதுதான் கேள்வி. எங்கள் கருத்தில், பிள்ளைக்கு அந்தச் சுமை தேவையில்லை. மாறன் அவ்வளவு பிடித்திருந்தால் அதை இரண்டாம் பெயராக வையுங்கள்.

ஆனால் ன் என்று முடிவதெல்லாம் ஆண்பால் விகுதி அல்ல. கவின், பொன், தேன், வான் ஆகியவற்றில் ன் சொல்லின் சொந்த எழுத்து. 'கவின் வந்தாள்' என்பதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை, காது பழகினால் போதும். பொன் என்ற அடிச்சொல் இரு பக்கமும் போய் வந்திருக்கிறது. 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே' என்ற புறநானூற்றுப் பாட்டைப் பாடிய பொன்முடியாரைப் பெண்பாற் புலவர் என்றே கொள்வர். இன்று பொன்முடி என்றால் ஆண் நினைவுக்கு வருகிறார்.

எதிர்ப் பக்கத்திலும் ஒரு பொறி உண்டு. இகரத்தில் முடிந்தாலே பொது என்று நினைத்துவிடக் கூடாது. நம்பி என்பது நங்கைக்கு இணையான ஆண்பாற் சொல். சாரதி, தளபதி இரண்டும் வழக்கில் ஆணையே குறிக்கின்றன. பூபதியும் அதே பதி ஈறுதான், ஆனால் பெண்களுக்கும் வைத்துப் பழகிவிட்டதால் உறுத்துவதில்லை. விடலை, வேள், குரிசில், தோன்றல் என்று விகுதி இல்லாமலே ஆணைக் குறிக்கும் சொற்களை நன்னூல் வரிசைப்படுத்துகிறது. இவற்றில் குரிசிலைக் கேட்டால் இன்று பத்தில் ஒன்பது பேருக்கு ஆணா பெண்ணா மட்டுமல்ல, பெயரா என்பதே தெரியாது. அப்படி வழக்கொழிந்த சொல் என்றால் அதன் பழைய பாலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

நல்ல விளைச்சல் தரும் ஈறுகள் இவை:

ர்: கதிர், சுடர், தளிர், மலர்
ல்: எழில், முகில், குழல், வேல்
ழ்: தமிழ், யாழ், புகழ், மகிழ்
இ: மதி, பரிதி, பாரி, கவி, ஒளி, வழுதி
உ: அன்பு, அறிவு, அமுது, முத்து
ஐ: இசை, கோதை
அம்: செல்வம், தங்கம், ராஜம், ரத்தினம்

அம் ஈற்றுப் பெயர்கள் இப்போது ஒரு தலைமுறை முந்தியவையாக ஒலிக்கின்றன. அதனாலேயே சிலருக்குப் பிடிக்கும். ஐ வரிசையில் உள்ள கோதையைப் பாருங்கள். குட்டுவன் கோதை, கோக்கோதை மார்பன், மாக்கோதை என்று சங்க காலச் சேர மன்னர்களின் பெயர் அது. ஆண்டாளுக்கும் அதே பெயர். இன்று ஓர் ஆணுக்குக் கோதை என்று வைக்கும் துணிச்சல் யாருக்கும் இல்லை. ராஜராஜ சோழனின் இயற்பெயரான அருள்மொழி இப்போது பெண்களுக்கும் தாராளமாக வழங்குகிறது. கனிமொழியும் தேன்மொழியும் பெண் பெயராகிவிட்ட பிறகு 'மொழி' என்ற ஈறே காதுக்குப் பெண்மையாகிவிட்டது. தென் மாவட்டங்களில் இசக்கி அம்மன் பெயர், அதைத் தாங்கிய ஆண்களும் நிறைய. மாரியும் அப்படியே.

பெயர்கள் இப்படி இடம் மாறும்போது பெரும்பாலும் ஆணிலிருந்து பெண்ணுக்குத்தான் போகின்றன. ஆங்கிலத்தில் ஷெர்லி, ஈவ்லின், ஆஷ்லி, பெவர்லி ஒரு காலத்தில் ஆண் பெயர்கள். பெண்களுக்குப் பரவியதும் ஆண்களுக்கு வைப்பது குறைந்துபோனது. ஆகவே இன்று சற்று ஆண் பக்கம் சாய்ந்திருக்கும் பெயரை மகளுக்கு வைத்தால், இருபது ஆண்டுகளில் அது நடுவுக்கு வந்திருக்க வாய்ப்பு உண்டு.

அன் ஈற்றுப் பெயர்தான் பிடித்திருக்கிறது என்றால் அதை எப்படித் திருப்புவது? ஈற்றைக் கழற்றிப் பாருங்கள். கதிரவனில் கதிர், முகிலனில் முகில், செந்தமிழனில் செந்தமிழ், அருளனில் அருள். எழிலனை எழிலி ஆக்கினால் மேகம் என்ற தனிப் பொருளே கிடைக்கிறது, 'தடிந்தெழிலி' என்று குறளில் வருவது அதுதான். எல்லாப் பெயரும் இப்படி வளையாது. மாறனில் இகரம் சேர்த்தால் மாறி, அது வினையெச்சம். வளவனை வளவி, செழியனைச் செழி என்று வெட்டினால் பெயராக நிற்பதில்லை. அகராதியில் இல்லாத சொல்லைப் பெயராக்குவது தவறல்ல, ஆனால் ஆண் பெயரை நறுக்கிச் செய்தது என்பது தெரியும்படி இருந்தால் அழகு குறைகிறது.

சமஸ்கிருதப் பெயர்களில் கணக்கு வேறு. அங்கே ஆகார ஈறு பெண்பால். தமிழ்நாட்டிலோ சூர்யா, ஆதித்யா, சிவா, ராஜா எல்லாம் ஆண்கள். திரௌபதிக்கும் கிருஷ்ணா என்ற பெயர் உண்டு என்பதை மறந்துவிட்டோம். சசி, ரஜனி, கிரண், சுமன் போன்றவை ஊருக்கு ஊர் பால் மாறும்.

வாயில் போட்டுப் பாருங்கள்

ஈறு தேறிய பெயர்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் நான்கு இடங்களில் பொருத்திச் சொல்லுங்கள். '___ வந்தாள்.' '___ அக்கா.' '___ டீச்சர்.' '___ பாட்டி.' கதிர் அக்கா, கதிர் டீச்சர், கதிர் பாட்டி மூன்றும் நிற்கின்றன. வளவன் அத்தை என்றதும் வளவனுடைய அத்தை என்று பொருள் திரும்பிவிடுகிறது. உறவுச்சொல் சேர்த்துப் பார்ப்பது மற்ற எல்லாவற்றையும் விடக் கறாரான சோதனை, ஏனென்றால் நாம் ஒருவரை வெறும் பெயரால் அழைப்பது குறைவு.

பிறகு கூப்பிட்டுப் பாருங்கள். பேச்சில் பெயருக்கு உகரம் ஒட்டிக்கொள்ளும்: கதிரு, எழிலு, தமிழு. அந்த வடிவமும் பிடித்திருக்க வேண்டும், ஏனென்றால் வாழ்நாள் முழுக்க அதுதான் காதில் விழும். மகளைக் 'கண்ணா', 'ராஜா', 'வாடா' என்று கொஞ்சும் வீடுகளில் ஆண் பெயருக்கு எதிர்ப்பு வரும்போது சிரிப்புத்தான் வருகிறது.

கேலிக்கு இடம் தருகிறதா என்றும் பார்க்க வேண்டும். கிள்ளி சோழர் பெயர், ஆனால் வகுப்பில் பக்கத்துப் பிள்ளை கிள்ளிவிட்டுத்தான் கூப்பிடும். ஓரி கடையெழு வள்ளல்களில் ஒருவர், அகராதியில் நரி என்ற பொருளும் உண்டு. காரி என்றால் கருமை, சனிக்கிழமைக்கும் காரிக்கிழமை என்று பெயர். எழுவரில் பெண்ணுக்கு எளிதாகப் பொருந்துவது பாரிதான். 'முல்லைக்குத் தேர் கொடுத்தவர் பெயர்' என்று ஒரே வரியில் பிள்ளையே விளக்கிவிடலாம்.

முன்னோடி உண்டா?

பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாக இணையத்தில் தேடி, படங்கள் பகுதியைத் திறந்து, முதல் முப்பது முகங்களில் பெண்கள் எத்தனை என்று எண்ணுங்கள். ஐந்தாறு பேர் இருந்தாலே போதும், பெயர் பொது வழக்குக்கு வந்துகொண்டிருக்கிறது. ஒருவர்கூட இல்லை என்றால் உங்கள் மகள் அடிக்கடி விளக்கம் சொல்லவேண்டி வரும். எல்லா முகமும் ஒரே நடிகருடையதாக இருந்தால் சற்று யோசியுங்கள். முப்பது ஆண்டு கழித்தும் அந்தப் பெயர் அவரையே நினைவூட்டும்.

தலைப்பெழுத்து: பலரும் கவனிக்காமல் விடுவது

குடும்பப் பெயர் வழக்கமுள்ள சமூகங்களில் பெயர் பொதுவாக இருந்தாலும் பின்னால் வருவது உதவக்கூடும். சீக்கியர்களிடம் ஹர்ப்ரீத், குர்ப்ரீத் என்று பெயர்கள் பெரும்பாலும் இருபாலாருக்கும் ஒன்றே. பெண்ணுக்குக் கௌர், ஆணுக்குச் சிங் என்று இரண்டாம் பெயர் வேலையை முடித்துவிடுகிறது. நம் வழக்கத்தில் இரண்டாம் பெயர் அப்பாவின் பெயர், அதாவது ஓர் ஆணின் பெயர். கதிர் என்ற பெண்ணின் அப்பா செந்தில் என்றால் கடவுச்சீட்டிலும் விமானச்சீட்டிலும் 'கதிர் செந்தில்' என்று இரண்டு ஆண் பெயர்கள் வரிசையாக நிற்கும். பார்ப்பவர் 'திரு' போடுவதில் வியப்பில்லை.

இதற்கு மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, இரண்டாம் பெயராக அம்மாவின் பெயரைத் தருவது. 'கதிர் மீனாட்சி' என்றால் குழப்பம் பாதி குறையும். அப்பா, அம்மா இருவர் பெயரின் முதலெழுத்தையும் தலைப்பெழுத்தாக வைப்பது இப்போது பரவலாகி வருகிறது, ஆனால் வெறும் எழுத்து இதற்கு உதவாது, முழுப் பெயர் வேண்டும்.

இரண்டு, பெயரையே இரு சொல்லாகக் கட்டுவது: கதிர்மதி, வேல்விழி, முகில்மலர், அறிவுச்சுடர். வீட்டில் கதிர், வேல் என்று கூப்பிடலாம், ஏட்டில் முழுப் பெயர் இருக்கும். நாற்பது வயதில் எந்தப் பாதி வேண்டும் என்று அவளே எடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. தயங்கும் பெற்றோருக்கு இதைத்தான் முதலில் சொல்வோம். எழுதும்போது இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதுங்கள். இடைவெளி விட்டால் வெளிநாட்டுப் படிவத்தில் மதி குடும்பப் பெயராகி, எல்லாரும் அவளை மதி என்றே கூப்பிடத் தொடங்குவார்கள்.

மூன்று, எதையும் மாற்றாமல் விடுவது. அப்போது படிவம் நிரப்பும் ஒவ்வொரு முறையும் பாலினக் கட்டத்தையும் 'செல்வி' என்ற அடைமொழியையும் நீங்களே சரிபார்க்க வேண்டும்.

தமிழில் தலைப்பெழுத்தை ஒட்டி வாசித்தும் பாருங்கள். சு. மதி என்றால் சுமதி, ர. மணி என்றால் ரமணி. விளையாட்டாகத் தோன்றும், ஆனால் பரிசளிப்பு விழாவில் ஒலிபெருக்கியில் படிப்பவர் புள்ளியைப் பார்ப்பதில்லை.

மரியாதைப் பன்மையிலும் ஒரு நெளிவு இருக்கிறது. 'மதி வந்தாள்' என்று சொல்லும் வயது போய் 'மதி வந்தார்', 'அவர் சொன்னார்' என்றாகும்போது தமிழ் வாக்கியம் பாலை மறைத்துவிடும். பெயரால் தன்னை எடைபோடக் கூடாது என்று நினைக்கும் பெண்ணுக்கு இது வசதி. தான் எழுதிய கட்டுரைக்கு 'ஐயா' என்று கடிதம் வருவதை விரும்பாதவருக்குத் தொல்லை.

ஆங்கில எழுத்தில் எழுதும்போது

ழகரம் உள்ள பெயர்கள் அழகானவை, ஏற்றுமதிக்கு ஆகாதவை. 'இசட்-எச்' போட்டு எழுதிய எழிலையும் யாழையும் வெளியார் 'எஜில்', 'யாஸ்' என்று படிப்பார்கள். மணியை ஆங்கிலத்தில் எழுதினால் பணமோ என்று தோன்றும். இசையின் முதல் எழுத்தை 'ஐ' என்று படித்து 'ஐசை' ஆக்குவார்கள். பாரிக்கு ஒற்றை 'ஏ' போட்டால் இந்திக்காரர்களுக்கு அது பரி, தேவதை என்று பொருள்படும் பெண் பெயர். இங்கே நமக்கு லாபம். குறில் வேண்டாம் என்றால் இரட்டை 'ஏ' போடுங்கள்.

தமிழ் தெரியாத இருவரிடம் எழுதிக்காட்டி, விளக்கம் சொல்லாமல், வாசிக்கச் சொல்லுங்கள். ஆணா பெண்ணா என்றும் கேளுங்கள். ஆகாரத்தில் முடியும் பெயரை ஐரோப்பியர் பெண் என்றே எடுத்துக்கொள்வார்கள். நமக்கு ஆணாகப்படும் சூர்யா அவர்களுக்குப் பெண். மாறாகவும் நடக்கும்: நமக்கு நிகிதா பெண், ரஷ்யாவில் ஆண், குருஷேவின் முதற்பெயர் அதுதான். ஆண்ட்ரியா இத்தாலியில் ஆண் பெயர்.

எண்கணிதம் பார்த்து இரண்டு எழுத்தைக் கூடுதலாகச் சேர்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஏற்கெனவே விளக்கம் தேவைப்படும் பெயருக்கு விசித்திரமான எழுத்துக்கூட்டலும் சேர்ந்தால், சான்றிதழ் ஒன்றும் மதிப்பெண் பட்டியல் ஒன்றுமாகத்தான் முடியும்.

வெளிநாட்டில் பதிகிறவர்களுக்கு

இந்தியாவில் பெண்ணுக்கு இந்தப் பெயர் வைக்கக் கூடாது என்று பதிவாளர் மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. எல்லா நாடும் அப்படியல்ல. ஜெர்மனியில் பெயரே பாலைக் காட்ட வேண்டும் என்று பதிவகங்கள் நீண்ட காலம் வலியுறுத்தின. இந்தியப் பின்னணியுள்ள ஒரு குடும்பம் மகளுக்குக் கிரண் என்று வைக்கப் போராடி, 2008 டிசம்பரில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றத்தில் வென்றது. பெயர் குழந்தைக்குத் தீங்கு செய்யாத வரை அது பாலைக் காட்டியே ஆக வேண்டும் என்பதில்லை என்று நீதிமன்றம் சொன்னது. ஐஸ்லாந்தில் ஆண் பெயராகக் கருதப்பட்ட பிளேர் என்ற பெயரை வைத்துக்கொள்ள ஒரு சிறுமி வழக்குத் தொடுத்து 2013இல் உரிமை பெற்றாள். 2019இல் அங்கே பெயருக்கான பால் கட்டுப்பாடே சட்டத்திலிருந்து நீங்கியது. டென்மார்க்கில் ஆண், பெண், பொது என்று ஏற்கப்பட்ட பெயர்ப் பட்டியல்கள் உண்டு. பட்டியலில் இல்லாத தமிழ்ப் பெயருக்குத் தனியாக ஒப்புதல் கேட்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில், அதே பெயருடைய பெண்கள் தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருப்பதற்கான சான்றை இணைத்தால் வேலை எளிதாகும்.

வீட்டுப் பெரியவர்கள்

எதிர்ப்பு பெரும்பாலும் பெயருக்கு அல்ல, தங்களைக் கேட்கவில்லை என்பதற்குத்தான். ஒரே பெயரைக் கொண்டுபோய் 'இதுதான்' என்பதை விட மூன்று பெயர்களை முன்வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மூன்றும் உங்களுக்கு உடன்பாடானவையாக இருக்கட்டும். வேலாயிப் பாட்டியின் பேத்திக்கு வேல்விழி என்றால் மறுப்பவர் குறைவு. நட்சத்திர எழுத்து கட்டாயம் என்கிறவர்கள் வீட்டில், எழுத்து தெரிந்த பிறகே பட்டியல் போடுங்கள், இல்லையென்றால் வேலை இரட்டிப்பு. இஸ்லாமியக் குடும்பங்களில் நூர் போன்று இருபாலாருக்கும் வழங்கும் பெயர்கள் உண்டு. முழு ஆண் பெயரைப் பெண்ணுக்கு வைப்பதில் மார்க்கக் கருத்து வேறுபடலாம் என்பதால் ஆலிமைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பதிவு

பிறந்த 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும், ஆனால் பெயர் அன்றைக்கே வேண்டும் என்பதில்லை. பெயர் இல்லாமல் பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். தயக்கம் இருந்தால் இந்த ஓராண்டைப் பயன்படுத்துங்கள். ஓரிரு மாதம் வீட்டில் கூப்பிட்டுப் பார்த்து, நாக்கில் நிற்கிறதா என்று தெரிந்த பிறகு பதியலாம். சேர்த்த பெயரில் எழுத்துப்பிழையைத் திருத்துவது எளிது, பெயரையே மாற்றுவது கடினம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றிலும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் என்று சட்டம் திருத்தப்பட்டுவிட்டதால், அங்கே நேரும் பிழை நெடுந்தூரம் கூடவே வரும்.

விண்ணப்பத்தில் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நீங்களே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள், வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பெயரை அல்ல, பாலினம் என்ற கட்டத்தை. தட்டச்சு செய்பவர் பெயரைப் பார்த்து 'ஆண்' என்று போட்டுவிடுவதும், கதிரைக் கதிரவன் என்று தானாக நீட்டிவிடுவதும் இந்த வகைப் பெயர்களுக்கே உரிய பிழைகள். அங்கேயே நின்று சரிபார்த்துத் திருத்தி வாங்குங்கள். ஆதாரிலும் அதே கவனம் தேவை. அதில் பாலினத்தைப் பொதுவாக ஒருமுறைதான் திருத்த அனுமதி. ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் கைரேகையைப் புதுப்பிக்கப் போகும்போது அந்தக் கட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பள்ளியிலும் பயணத்திலும்

சேர்க்கை முடிந்த முதல் வாரத்தில் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வருகைப் பதிவேட்டில் ஆண்கள் வரிசையில் பெயர் ஏறிவிட்டால் விளையாட்டுக் குழு, விடுதி அறை, தேர்வு மையம் எல்லாம் அதையே பின்பற்றும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியலைப் பள்ளி அனுப்புவதற்கு முன் கட்டாயம் வாங்கிப் பாருங்கள். மதிப்பெண் சான்றிதழ் அச்சான பின் திருத்துவது அலைச்சல்.

விமானச்சீட்டில் அடைமொழி 'திரு' என்று பதிவாகியிருந்தால் நிலையத்தில் சமாளிக்கலாம் என்று விடாதீர்கள். முன்பதிவு செய்த அன்றே விமான நிறுவனத்தைத் தொடர்புகொண்டு மாற்றுங்கள். ரயில் முன்பதிவிலும் பாலினக் கட்டம் உண்டு. பயணிகள் பட்டியலில் பெயரையும் பாலினத்தையும் சேமித்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டாம்.

பிள்ளைக்கு நான்கைந்து வயதாகும்போது 'இது பையன் பேராச்சே' என்பதற்குச் சொல்ல ஒரு பதிலைக் கற்றுக்கொடுங்கள். நீளமாக வேண்டாம். 'கதிர்னா ஒளி. என் பேரு' போதும். அதற்கு மேல் பெரியவர்கள் வாதாடினால் நீங்கள் பேசுங்கள், குழந்தையை மாட்டிவிடாதீர்கள்.

பெயர் பிடிக்கவில்லை என்று அவளே சொன்னால் பதறவும் வேண்டாம். பதின்ம வயதில் மீனாட்சியும் லட்சுமியும்கூடத் தங்கள் பெயரை வெறுக்கிறார்கள். இரு சொல் பெயர் வைத்திருந்தால் மறு பாதியால் அழைக்கச் சொல்லலாம், அதற்கு எந்த ஆவணமும் தேவையில்லை. மாற்றியே ஆக வேண்டும் என்று நின்றால், 18 வயது முடிந்த பின் அரசிதழில் அறிவிப்பு வெளியிட அவளே விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் என்றால் பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும். அரசிதழ்ப் பக்கத்தில் ஐந்தாறு நகல் எடுத்து வைத்துக்கொண்டு ஆதார், வங்கி, கடவுச்சீட்டு என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பழைய பெயரில் உள்ள மதிப்பெண் சான்றிதழ்களோடு அந்த அரசிதழ்ப் பக்கத்தையும் எப்போதும் சேர்த்தே வையுங்கள்.